ஃபைனல் அன்று வீட்டு டிவியில் படம் நிற்காமல் ஓட என்ன செய்யலாம்?

கேள்வி இதுதான்: "வரும் ஞாயிறு ஐபிஎல் ஃபைனல். வீட்டுக்குப் பதினைந்து பேர் வருகிறார்கள். 200 எம்பிபிஎஸ் ஃபைபர் இருக்கிறது, 55 இன்ச் ஸ்மார்ட் டிவி இருக்கிறது. ஆனாலும் போன மாதம் ஒரு ஆட்டத்தின் கடைசி ஓவரில் வட்டம் சுற்ற ஆரம்பித்துவிட்டது. பிளானை 500-க்கு மாற்றலாமா? பக்கத்து வீட்டில் எங்களுக்கு முன்பே கத்துகிறார்களே, அதற்கு ஏதாவது வழி உண்டா? மொட்டை மாடியில் புரொஜெக்டர் வைத்தால் சரிவருமா?"

பிளானை மாற்ற வேண்டாம். அந்தக் காசில் நல்ல லேன் கேபிள் ஒன்று வாங்குங்கள், மிச்சக் காசில் பதினைந்து பேருக்கும் போண்டாவே போட்டுவிடலாம்.

கணக்கைப் பார்த்தால் புரியும். ஃபுல் எச்டி தரத்தில் ஒரு கிரிக்கெட் ஆட்டம் ஓட 5 முதல் 8 எம்பிபிஎஸ் போதும். 4கே என்றாலும் 25 எம்பிபிஎஸ் இருந்தால் தாராளம். உங்களிடம் இருப்பது 200. வீட்டுக்கு வந்து சேரும் தண்ணீர் குறைவில்லை. மோட்டாரிலிருந்து குழாய் வரைக்கும் உள்ள பைப்பில்தான் அடைப்பு. உங்கள் வீட்டில் அந்த பைப், ரவுட்டருக்கும் டிவிக்கும் நடுவில் இருக்கும் பதினைந்து இருபது அடி.

நான் பல வருடங்களாக வீடுகளில் நெட்வொர்க் வேலை செய்கிறேன். பத்து வீட்டுக்குப் போனால் ஏழெட்டில் ஒரே கதை. ஃபைபர் இழுக்க வந்தவர் வயர் எந்த இடத்தில் உள்ளே நுழைகிறதோ அங்கேயே பெட்டியை மாட்டிவிட்டுப் போயிருப்பார். என் சித்தப்பா வீட்டில் அது வாசல் கதவுக்கு மேலே, செருப்பு ஸ்டாண்டுக்குப் பக்கத்தில். டிவி ஹாலின் மறுகோடியில். இடையில் ஒரு செங்கல் சுவர், ஒரு இரும்பு பீரோ. "நெட் சரியில்லை, கம்பெனிக்கு நாலு தடவை போன் பண்ணிட்டேன்" என்று சித்தப்பா புலம்பிக்கொண்டிருந்தார். ரவுட்டர் அருகில் நின்று போனில் பார்த்தால் 180 வருகிறது. டிவியின் பிரவுசரைத் திறந்து அதே டெஸ்டை ஓட்டினால் 9. பதினைந்து மீட்டர் கேட் 6 கேபிள் வாங்கி, சுவர் ஓரமாகக் கிளிப் அடித்து இழுத்து, டிவிக்குப் பின்னால் செருகினோம். 94 வந்தது. 180 வராமல் ஏன் 94? பெரும்பாலான டிவிகளில் லேன் போர்ட்டே 100 எம்பிபிஎஸ் அளவுக்குத்தான் இருக்கும். அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். ஆட்டத்துக்கு வேண்டியது எட்டுதான். அது ஏறி இறங்காமல் நிலையாக வர வேண்டும், அதுதான் முக்கியம். கேபிளில் அது வரும். வைஃபையில் யாராவது கதவைச் சாத்தினால்கூட மாறும்.

எனவே முதல் வேலை, ரவுட்டரிலிருந்து டிவிக்கு நேராக ஒரு கேபிள். அழகாக இல்லை என்று வீட்டில் சொன்னால், ஃபைனல் முடிந்ததும் கழற்றிவிடலாம்.

கேபிள் இழுக்கவே வழியில்லை என்றால் டிவியை 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் சேருங்கள். ரவுட்டர் தரும் இன்னொரு அலைவரிசையான 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடு ஒன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 என்று மூன்றுதான். ஒரு அப்பார்ட்மென்ட்டில் இருபது வீட்டு ரவுட்டர்களும் அந்த மூன்றுக்குள் அடித்துக்கொள்கின்றன. போதாததற்கு மைக்ரோவேவ் அடுப்பும் புளூடூத்தும் அதே அலைவரிசைப் பக்கம். நீங்கள் சொன்ன கடைசி ஓவர் நேரத்தில் சமையலறையில் யாராவது எதையாவது சூடு பண்ணினார்களா என்று கேட்டுப் பாருங்கள், நிஜமாகவே சொல்கிறேன். 5 கிகாஹெர்ட்ஸில் இந்த நெரிசல் குறைவு, ஆனால் சுவர் தாண்டும் தெம்பும் குறைவு. அதனால் ரவுட்டரை டிவி இருக்கும் அறைக்கே கொண்டுவர முடியுமா என்று பாருங்கள். பிளக்கில் மாட்டும் மலிவான ரிப்பீட்டர்களை நான் சிபாரிசு செய்வதில்லை. ஒரே ரேடியோவில் வாங்கி அதே ரேடியோவில் திருப்பி அனுப்பும் ரகமாக இருந்தால் வேகம் பாதியாகிவிடும்.

அப்புறம் அந்தப் பதினைந்து பேர். பதினைந்து பேர் என்றால் பதினைந்து போன். உள்ளே வந்ததும் வைஃபை பாஸ்வேர்டு கேட்பார்கள், கொடுக்காமல் இருக்க முடியாது. வைஃபை கிடைத்த நொடியில் ஒவ்வொரு போனும் நாள் முழுக்க எடுத்த போட்டோவையும் வீடியோவையும் மேலே ஏற்றத் தொடங்கும், ஆப்களை அப்டேட் செய்யும். இறக்கும் வேகத்தைவிட ஏற்றும் பாதை அடைத்துக்கொள்வதுதான் பெரிய தொல்லை. டிவி "அடுத்த துண்டு கொடு" என்று கேட்கும் சின்னக் கோரிக்கைகூட அந்த வரிசையில் மாட்டிக்கொள்ளும். ரவுட்டரில் கெஸ்ட் நெட்வொர்க் என்று ஒன்று இருக்கும், அதை 2.4-இல் மட்டும் திறந்து அதன் பாஸ்வேர்டைக் கொடுங்கள். வேக வரம்பு வைக்கும் வசதி இருந்தால் அதையும் வைத்துவிடுங்கள். வீட்டில் கிளவுடுக்கு வீடியோ அனுப்பும் கேமரா இருந்தால் அந்த நாலு மணி நேரம் அதற்கு ஓய்வு கொடுக்கலாம். வீடு நிறைய ஆள் இருக்கும்போது திருடன் வரப்போவதில்லை.

இப்போது பக்கத்து வீட்டுச் சத்தம். இது எனக்கு நெஞ்சுக்கு நெருக்கமான விஷயம்.

2023 ஐபிஎல் ஃபைனல் நினைவிருக்கும். ஞாயிறு மழையில் போய், திங்கள்கிழமை நடந்து, மறுபடி மழை வந்து, 15 ஓவரில் 171 என்று இலக்கு மாறி, செவ்வாய் அதிகாலை ஒன்றரை மணிவாக்கில் முடிந்த ஆட்டம். கடைசி இரண்டு பந்தில் 10 ரன். ஜடேஜா ஒரு சிக்ஸர் அடித்தாயிற்று, மிச்சம் ஒரு பந்து, நான்கு ரன். எங்கள் டிவியில் மோஹித் சர்மா இன்னும் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு பேசிக்கொண்டிருக்கிறார். எதிர்வீட்டில் கேபிள். அங்கிருந்து ஒரே கூச்சல், யாரோ தட்டை எடுத்துத் தட்டுகிறார்கள். என் அம்மா திரையிலிருந்து கண்ணை எடுக்காமலேயே, "அடிச்சுட்டான் போல" என்றார். அதற்குப் பிறகு ஜடேஜா அந்தப் பந்தை ஃபைன் லெக் பக்கம் தட்டிவிட்டதை நாங்கள் பார்த்தோம். பார்த்தோம், அவ்வளவுதான். துள்ளவில்லை. மூன்று நாள் விழித்திருந்து காத்த ஒரு நொடி எங்களுக்குக் கிடைக்கவில்லை.

ஏன் இப்படி? நேரலை என்று சொன்னாலும் இணையத்தில் படம் தண்ணீர் போல ஓடி வருவதில்லை. சில நொடி நீளமுள்ள துண்டுகளாக வெட்டி, ஒவ்வொன்றையும் பல தரத்தில் செய்து, பல ஊர்களில் இருக்கும் சர்வர்களில் வைக்கிறார்கள். உங்கள் டிவி அவற்றை ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்குகிறது. ஆப்பிள் 2009-இல் கொண்டுவந்த எச்எல்எஸ் முறையில் முதலில் ஒரு துண்டு 10 நொடி, பிறகு 6 நொடி என்று பரிந்துரைத்தார்கள். வழக்கமாக மூன்று துண்டு கையில் சேர்ந்த பிறகுதான் பிளேயர் ஓட்டத் தொடங்கும். மூவாறு பதினெட்டு. மைதானத்திலிருந்து வருவதற்கும் சுருக்குவதற்கும் ஆகும் நேரத்தையும் சேர்த்தால் அரை நிமிடத்தைத் தொடும். டிடிஎச்சில் சிக்னல் 36,000 கிலோமீட்டர் மேலே போய்த் திரும்பி வந்தாலும் அந்தப் பயணத்துக்குக் கால் நொடிதான் ஆகிறது; சுருக்கி விரிக்கும் வேலைக்குச் சில நொடிகள். அதனால்தான் செட்டாப் பாக்ஸ் வீடு எப்போதும் முந்திக்கொள்கிறது. உங்கள் நெட் 500 ஆனாலும் 1000 ஆனாலும் இந்த இடைவெளி குறையாது. கையிருப்புத் துண்டைக் குறைத்தால் இடைவெளி குறையும், ஆனால் வட்டம் சுற்றுவது கூடும். இரண்டில் ஒன்றைத்தான் எடுக்க முடியும்.

அதனால் செய்யக்கூடியது இதுதான். வீட்டில் டிடிஎச்சோ கேபிளோ இருந்து, அந்தச் சேனல் உங்கள் பேக்கில் இருந்தால், ஃபைனல் ஒரு நாளுக்கு அதையே முதன்மையாக வையுங்கள். இணையத்தில் ஆட்டம் காட்டும் ஆப்பையும் டிவியில் லாகின் செய்து தயாராக வைத்திருங்கள். நல்ல மழை அடித்தால் டிஷ் சிக்னல் போகும், ஃபைபர் போகாது, அப்போது மாறிக்கொள்ளலாம். ஆப் மட்டும்தான் என்றால், ஸ்கோர் ஆப்களின் நோட்டிஃபிகேஷனை அணைக்கச் சொல்லுங்கள், வாட்ஸ்அப் குரூப்புகளை மியூட் செய்யச் சொல்லுங்கள், கடைசி ஐந்து ஓவருக்குப் பக்கத்து வீட்டுப் பக்கம் உள்ள ஜன்னலைச் சாத்திவிட்டு சத்தத்தைக் கூட்டுங்கள். இன்னொன்று, நடுவில் பாஸ் போட்டால் நீங்கள் அவ்வளவு பின்னால் போய்விடுவீர்கள். திரும்பி வந்ததும் "லைவ்" பட்டனை அழுத்த மறந்தால் அரை நிமிடத் தாமதம் மூன்று நிமிடமாகிவிடும். டீ கொடுக்க எழுந்தவருக்காக யாராவது பாஸ் போட்டுவிட்டு அப்படியே விட்டுவிடுவது சாதாரணமாக நடக்கிறது.

(இதுவே உலகக் கோப்பையில் இந்தியா ஆடும் ஆட்டம் என்றால் இன்னொரு வழியும் உண்டு. தேசிய முக்கியத்துவம் உள்ள ஆட்டங்களின் சிக்னலைப் பிரசார் பாரதிக்கும் தர வேண்டும் என்று 2007-இல் சட்டம் வந்தது. டிடி ஃப்ரீ டிஷ் வைத்திருப்பவர்கள் மாதச் சந்தா இல்லாமலே அவற்றைப் பார்க்கலாம். ஐபிஎல்லுக்கு இதை நம்ப வேண்டாம்.)

அடுத்தது லாகின். இதை யாரும் கண்டுகொள்வதில்லை. 2019 உலகக் கோப்பை அரையிறுதியில், நியூசிலாந்துக்கு எதிராகத் தோனி ஆடிக்கொண்டிருந்தபோது ஹாட்ஸ்டாரில் ஒரே நேரத்தில் 2.53 கோடிப் பேர் பார்த்தார்கள். அவர் ரன் அவுட் ஆனதும் கூட்டம் ஒரேயடியாகக் கலைந்தது. 2023 நவம்பர் 19 உலகக் கோப்பை ஃபைனலில் அந்த எண் 5.9 கோடி. இத்தனை பேர் இருக்கும்போது ஓடிக்கொண்டிருக்கும் படத்தைவிட, உள்ளே நுழையும் கதவில்தான் நெருக்கடி அதிகம். ஆப்பைத் திறந்தால் முகப்புப் பக்கம், உங்கள் கணக்கு, சந்தா, எத்தனை டிவியில் ஓடுகிறது என்று வரிசையாகச் சரிபார்த்துவிட்டுத்தான் படம் வரும். அதனால் டாஸ் போடும் ஏழு மணிக்கு முன்பே உள்ளே போய் உட்கார்ந்துவிடுங்கள். படம் லேசாகத் தடுமாறினால் பதறி வெளியே வந்து மறுபடி நுழையாதீர்கள். உள்ளே இருப்பவருக்கு அது பத்து நொடியில் சரியாகும், வெளியே வந்தவர் வாசலில் நிற்க வேண்டியிருக்கும்.

கணக்கு யார் நம்பரில் இருக்கிறது என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். பெங்களூரில் இருக்கும் தம்பி நம்பரில் இருந்தால், ஓடிபி அவர் போனுக்குத்தான் போகும். அவரும் அதே நேரத்தில் அவர் வீட்டில் கூட்டம் சேர்த்துப் பார்த்துக்கொண்டிருப்பார். ஒரே கணக்கில் எத்தனை திரை ஓடலாம் என்பதற்கு பிளானுக்கு பிளான் வரம்பு உண்டு, மொபைலுக்கு மட்டுமான பிளான் டிவியில் ஓடவே ஓடாது. தேவையில்லாத டிவி, பழைய போன் எல்லாவற்றிலிருந்தும் வெள்ளிக்கிழமையே லாக் அவுட் செய்துவிடுங்கள்.

டிவியையும் கொஞ்சம் கவனியுங்கள். ரிமோட்டில் அணைப்பது உண்மையில் தூங்க வைப்பதுதான். மாதக்கணக்கில் தூங்கித் தூங்கி எழும் டிவியில் மெமரி நிறைந்து ஆப் திணறும். சனிக்கிழமை பிளக்கைப் பிடுங்கி ஒரு நிமிடம் கழித்துப் போடுங்கள். பார்க்காத ஆப்களைத் தூக்குங்கள். டிவிக்கும் ஆப்புக்கும் அப்டேட் இருந்தால் அன்றே முடித்துவிடுங்கள். ஞாயிறு மாலை ஆறரைக்கு "அப்டேட் செய்யவா" என்று டிவி கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். டிவி பழசாகி மெதுவாக இருந்தால் எச்டிஎம்ஐயில் செருகி ஆப்களை ஓட்டும் ஸ்ட்ரீமிங் ஸ்டிக் ஒன்று வாங்கி மாட்டலாம், ஆனால் அதற்கு மின்சாரத்தை டிவியின் யுஎஸ்பியிலிருந்து எடுக்காதீர்கள். பல டிவிகளில் அந்தப் போர்ட் அரை ஆம்பியர்தான் தரும். ஸ்டிக் திடீரென்று ரீஸ்டார்ட் ஆவதற்குப் பாதி நேரம் இதுதான் காரணம். அதனுடன் வந்த அடாப்டரையே போடுங்கள்.

லேப்டாப்பிலிருந்து எச்டிஎம்ஐ வழியாகப் போடுவதைத் தவிர்ப்பது நல்லது. நகலெடுப்பதைத் தடுக்கும் பூட்டு காரணமாக பிரவுசரில் பெரும்பாலும் குறைந்த தரம்தான் கிடைக்கும், நடுவில் பழைய ஸ்ப்ளிட்டர் ஏதாவது இருந்தால் படம் கறுப்பாகவே நிற்கும். டிவியிலேயே இருக்கும் ஆப்தான் நல்லது.

மின்சாரம். ஃபைனல் நடப்பது பெரும்பாலும் மே கடைசியில், ஜூன் தொடக்கத்தில். ஏசி ஓடி ஓடி ட்ரான்ஸ்ஃபார்மர் தவிக்கும் காலம், சாயங்காலம் இடி மழை வரும் காலம். "இன்வெர்ட்டர் இருக்கிறது" என்று எல்லோரும் சொல்வார்கள். ஆனால் வீடு கட்டும்போது இன்வெர்ட்டர் லைனில் ஃபேனும் லைட்டும் மட்டுமே கொடுத்திருப்பார்கள். டிவி பாயின்ட்டும் ரவுட்டர் பாயின்ட்டும் ஈபி லைனிலேயே இருக்கும். சனிக்கிழமை மெயினை இறக்கிப் பாருங்கள். எது அணைகிறது, எது நிற்கிறது என்று இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும். 55 இன்ச் டிவி நூறு, நூற்றைம்பது வாட் எடுக்கும், சாதாரண வீட்டு இன்வெர்ட்டருக்கு அது பாரமே இல்லை. இன்வெர்ட்டரில் யுபிஎஸ் மோடு என்று ஒரு சுவிட்ச் இருந்தால் அதில் வையுங்கள். மாறும் அந்தக் கண நேரத்தில் ஃபைபர் பெட்டி அணைந்துவிட்டால், அது மறுபடி எழுந்து சிக்னல் பிடிக்க இரண்டு மூன்று நிமிடம் ஆகும். ஒரு ஓவரே போய்விடும். ரவுட்டருக்கென்றே சின்ன யுபிஎஸ் விற்கிறார்கள், அதை மாட்டினால் இந்தக் கவலை இல்லை. வாங்கும் முன் உங்கள் அடாப்டரில் 12 வோல்ட்டா, 9 வோல்ட்டா என்று படித்துவிட்டுப் போங்கள். ஃபைபர் பெட்டி தனி, ரவுட்டர் தனி என்றால் இரண்டுக்கும் வேண்டும்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. உங்கள் வீட்டுக்குள் வருவது கண்ணாடி இழை ஃபைபர்தானா என்று பாருங்கள். ஃபைபர் என்றால் வழக்கமாக வழியில் இருக்கும் பிரிப்பான்களுக்கு மின்சாரமே தேவையில்லை, வெளிச்சத்தை அப்படியே பிரித்து அனுப்பும். தெருவே இருண்டாலும் உங்கள் பெட்டிக்கு மின்சாரம் இருந்தால் நெட் வரும். ஆனால் சில அப்பார்ட்மென்ட்டுகளில் கீழே வரைக்கும்தான் ஃபைபர், அங்கே ஒரு சுவிட்சை மாட்டி, மேலே லேன் கேபிள் இழுத்திருப்பார்கள். கரண்ட் போனால் அந்தச் சுவிட்ச் செத்துவிடும், மேலே உங்கள் இன்வெர்ட்டர் ஓடியும் பயனில்லை. அப்படி என்றால் அசோசியேஷனில் பேசி அந்தப் பெட்டியை ஜெனரேட்டர் லைனில் போடச் சொல்லுங்கள். மாடி முழுக்கப் பார்க்கப்போகும் ஆட்டம், யாரும் மறுக்க மாட்டார்கள்.

ஃபைபரே அறுந்து, பெட்டியில் லாஸ் (LOS, சிக்னல் இல்லை என்று காட்டும்) விளக்கு சிவப்பாகச் சிமிட்டத் தொடங்கினால்? ரீஸ்டார்ட் செய்து நேரம் போக்காதீர்கள், அது உங்களால் சரியாகாது. போன் ஹாட்ஸ்பாட்டுக்கு மாறுங்கள். அதை முன்பே ஒருமுறை டிவியில் சேர்த்து வைத்திருக்க வேண்டும். 5 எம்பிபிஎஸ் என்றால் மணிக்கு 2.25 ஜிபி, நாலு மணி நேரத்துக்கு 9 ஜிபி. நாளுக்கு 2 ஜிபி பிளான் பவர்ப்ளே தாண்டி ஐந்தாறு ஓவருக்குள் தீர்ந்துவிடும். டேட்டா கூடுதலாக உள்ள நம்பர் யாரிடம் இருக்கிறது என்று பார்த்து வையுங்கள். ஃபைபர் ஒரு கம்பெனி என்றால் போன் இன்னொரு கம்பெனியாக இருப்பது நல்லது.

படமும் சத்தமும் பெரிய வேலை இல்லை. மோஷன் ஸ்மூத்திங் என்று டிவியில் இருப்பதைக் குறைத்துவிடுங்கள், பந்துக்குப் பின்னால் பேய் வால் தெரிவது போகும். 4கே-வைவிட ஃப்ரேம் அதிகமுள்ள ஃபுல் எச்டி எனக்குப் பிடிக்கும், ஆடுவது பந்து அல்லவா. தரத்தை ஆட்டோவில் விடுங்கள். புளூடூத் ஸ்பீக்கர் வேண்டாம். சத்தம் கால் நொடி பிந்தினாலும் மட்டையில் பட்ட பந்து தாண்டிய பிறகு "டொக்" என்று கேட்கும். சவுண்ட்பார் இருந்தால் டிவியில் ஆர்க் (ARC) என்று எழுதியிருக்கும் எச்டிஎம்ஐ போர்ட்டில் செருகுங்கள். தமிழ் வர்ணனையா, ஆங்கிலமா என்ற சண்டையையும் டாஸுக்கு முன்பே முடித்துக்கொள்ளுங்கள்.

மொட்டை மாடி. ஆசை எனக்கும் புரிகிறது, ஏழரைக்கு இருட்டிவிடும், காற்றும் வரும். ஆனால் கம்பி போட்ட கான்கிரீட் தளத்தைத் தாண்டி 5 கிகாஹெர்ட்ஸ் மேலே வராது. படிக்கட்டு வழியாக முப்பது மீட்டர் லேன் கேபிள் இழுக்க வேண்டும், அதற்குக் கவலையில்லை, லேன் கேபிள் 100 மீட்டர் வரை தாங்கும். நீளமான எச்டிஎம்ஐ கேபிள் இழுக்காதீர்கள், பத்து மீட்டர் தாண்டினால் படம் விட்டு விட்டு வரும். ஸ்டிக்கை மேலே கொண்டுபோய் புரொஜெக்டரிலேயே செருகிவிட்டு, லேன் கேபிள் முனையில் ஒரு பழைய ரவுட்டரை வைத்துவிடுங்கள். மலிவான புரொஜெக்டர்களில் உள்ளேயே இருக்கும் ஆப்களை நம்ப வேண்டாம். எல்லாவற்றையும்விட முக்கியம், மேலே எக்ஸ்டென்ஷன் போர்டைத் தரையில் போடாதீர்கள். நாற்காலி மேல் வையுங்கள், தூறல் விழுந்தால் முதலில் பிளக்கைப் பிடுங்குங்கள். ஹாலில் டிவி அதே ஆட்டத்தோடு ஓடிக்கொண்டிருக்கட்டும். கணக்கில் இரண்டு திரைக்கு இடம் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டால், மழை வந்தாலும் எல்லோரும் இறங்கி வந்து உட்கார்ந்துவிடலாம்.

இரண்டாவது குவாலிஃபையர் வழக்கமாக ஃபைனலுக்கு இரண்டு நாள் முன்னால், வெள்ளிக்கிழமை இரவு வரும். அதுதான் உங்களுக்கு ஒத்திகை. அதே ஏழரை மணி, ஏறக்குறைய அதே கூட்டம். கேபிளை இழுத்து, கெஸ்ட் நெட்வொர்க் திறந்து, நாலைந்து பேரைக் கூப்பிட்டு முழு ஆட்டத்தையும் ஓட்டிப் பாருங்கள். அதிலும் வட்டம் சுற்றினால், டிவி பிரவுசரில் எத்தனை எம்பிபிஎஸ் காட்டியது, ரவுட்டர் எந்த இடத்தில் இருக்கிறது, பெட்டியில் எந்த விளக்கு என்ன நிறத்தில் எரிந்தது, இந்த மூன்றையும் எனக்கு எழுதுங்கள். சனிக்கிழமை பகல் முழுக்க நேரம் இருக்கிறது, பார்த்துவிடலாம்.